ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது யார்?

கிராம்பு வாசனைதான் முதலில் வந்தது. பிறகு குரல். போன சனிக்கிழமை, சென்னையில் நாம் வழக்கமாகப் போன அதே காபி கடையில், என் முதுகுக்குப் பின்னால் எப்போதும் கிராம்பு மெல்லும் உன் புருஷன் வந்து உட்கார்ந்தான். "வாய்தான் மணக்குது, பேச்சு மணக்கலடீ" என்று கல்யாணமான புதிதில் நீ சொன்னது நினைவுக்கு வந்தது.

அந்தக் கடையில் நமக்கு வேலையே அடுத்த மேசைப் பேச்சைக் கேட்பதுதான். கடலூரிலிருந்து நானும் சிதம்பரத்திலிருந்து நீயும் வேலைக்கு வந்து, விடுதியில் ஒரே அறையில் தங்கியிருந்த காலம். காதலை முறிக்கிறவர்கள், மாமியாரைத் திட்டுகிறவர்கள் என்று யாரையும் விடவில்லை. நான் தலையைத் திருப்பினால் என் காலை மிதிப்பாய். "பாக்காதடீ, பேச்ச நிறுத்திடுவாங்க."

அன்றும் நான் திரும்பவில்லை. அவனோடு ஒரு பெண்ணும் அவளுடைய மாமாவும் இருந்தார்கள். குறிஞ்சிப்பாடிக்காரர்கள். அவனுக்கு இரண்டாம் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மொத சம்சாரத்துக்கு என்னாச்சு தம்பி?" என்று அந்த மாமா கேட்டார்.

"சின்ன வயசுலேர்ந்தே ஒடம்பு சரியில்லயாம் மாமா. அவுங்க வீட்ல மறைச்சுக் கட்டி வச்சிட்டாங்க."

கோப்பையைக் கீழே வைத்தேன்.

உனக்கு வந்தது டெங்கு. "மாத்திரை போட்டா போயிடும்" என்று உன்னை நாள்கணக்கில் வீட்டிலேயே வைத்திருந்தான். திட்டக்குடியிலிருந்து வந்திருந்த அவன் சொந்தங்களுக்கு அந்தக் காய்ச்சலோடு நின்று சமைத்தாய். போனை எடுக்கவில்லையே என்று நான் வந்து பார்த்து, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்தவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "என்னக் கேக்காம ஏன் கூட்டியாந்தீங்க?" மறுநாள் நீ இல்லை. சிதம்பரத்தில் உன்னை எடுத்த அன்றும் வாசலில் நின்று இதே பொய்யைத்தான் சொன்னான். உன் அப்பா தலைகுனிந்து நின்றார். அதற்குப் பிறகு அவர் எந்தக் கல்யாணத்துக்கும் போவதில்லை.

என் முதுகுக்குப் பின்னால் அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள். "ஆஸ்பத்திரிக்கு யாரு கூட்டிட்டுப் போனது?"

"நான்தான். தூக்கிட்டு ஓடுனேன்."

எழுந்து போய் அவர்கள் மேசையில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். "கூட்டிட்டுப் போனது நான்தாங்க" என்றேன்.

அவன் முகம் வெளுத்தது. அதைக் கண்ணெடுக்காமல் பார்த்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்டோவில் நீ தண்ணீர் கேட்டதுவரை. குரலை உயர்த்தவேயில்லை.

"பொய் மாமா, இவுங்களுக்கு எம்மேல..."

"நீங்க இருங்க தம்பி" என்றவர் என்னிடம் கேட்டார். "அந்தப் பொண்ணோட அப்பா இருக்காராம்மா?"

"சிதம்பரத்துல இருக்காரு. நம்பர் தரேன், நீங்களே கேளுங்க."

அங்கேயே உட்கார்ந்து உன் அப்பாவோடு பேசினார். போனை வைத்ததும், "எந்திரிம்மா, போவலாம்" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார்.

அந்தப் பெண் என்னிடம், "அவுங்க பேரு என்னக்கா?" என்று கேட்டாள். அவ்வளவு நேரப் பேச்சில் அவன் உன் பெயரை ஒருமுறைகூடச் சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னேன்.

வண்டி நிறுத்துமிடத்துக்கு என் பின்னாலேயே அவன் வந்தான். "நான் வாழவே கூடாதா?"

"வாழுங்க. இந்தப் பொய்ய எங்க சொன்னாலும் அங்க நான் வருவேன்."

அன்று சாயங்காலம் உன் அப்பா கூப்பிட்டார். கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, "நல்ல காரியம் பண்ணுனம்மா" என்றார்.

போனவளுக்காக இன்னும் எதற்கு, விட்டுவிடு என்கிறார்கள் என் வீட்டில். அவன் முகம் வெளுத்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் இனிக்கிறது. இருந்தும் கோபம் குறையவில்லை. குறைய வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை. நீ போன பிறகு, உன் பெயரில் என்னிடம் உயிரோடு இருப்பது இந்தக் கோபம் ஒன்றுதான்.