தங்கா பத்துவில் நான் கொடுத்த பேதி

மச்சான்,

இன்று சிரம்பானில் என் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பேதி கொடுக்கும் நாள். பள்ளிக்கூட விடுமுறை தொடங்கிவிட்டது. மனைவி ஆமணக்கெண்ணெயைக் கோப்பியில் விட்டுக் கலக்கினாள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் கோப்பையைப் பிடுங்கி வாசலில் ஊற்றிவிட்டேன். "உங்களுக்கென்ன விசரோ?" என்று கேட்டாள். விசர்தான். நீ போய் நாலு வருஷமாகிறது, எனக்கு இன்னும் தெளியவில்லை.

யாழ்ப்பாணத்தில் சரித்திரம் படிப்பித்துக்கொண்டிருந்த உன்னை மலாயாவுக்குக் கப்பலேற வைத்தவன் நான். "மலாக்காவில் பத்து நாள் கடற்கரையோரம் கிடப்போம், வா" என்று மூன்று கடிதம் போட்டேன். தங்கா பத்துவில் ஒரு மலாய்க்காரரின் பலகை வீட்டை வாடகைக்கு எடுத்தோம். ஒரு கிழமை சொர்க்கம்தான். நீ சாரத்தைக் கட்டிக்கொண்டு படிக்கட்டில் குந்தியிருந்து கடலையே பார்த்துக்கொண்டிருப்பாய். பட்டணத்துக்குப் போனால், குன்றின் மேல் இடிந்து கிடக்கும் தேவாலயத்தில் ஒல்லாந்தரின் கல்லறைக் கற்களைக் குனிந்து குனிந்து வாசிப்பாய். "எங்கட யாழ்ப்பாணக் கோட்டையைக் கட்டின அதே ஆக்கள்தான் மச்சான். இஞ்சையும் வந்து செத்திருக்கினம்" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன்.

எட்டாம் நாள் காலை உனக்கு வயிற்றில் வலி. முதலில் தொப்புளைச் சுற்றி, பிறகு வலப்பக்கம். டாக்டரிடம் போவோமா என்று கேட்டாய். நான்தான் பகிடி விட்டேன்: "ஒரு கிழமையாய் மீனும் டுரியானும் திண்டால் வயிறு என்ன செய்யும்? பேதிக்குக் குடி. நாலுதரம் போனால் சரி." லீவு கிடைத்தால் வயிற்றைக் கழுவுவது நம் வீடுகளில் கட்டாயம்; அதை விட்டால் எனக்கு வேறு வைத்தியமும் தெரியாது. "வேண்டாமடா, தாங்கேலாமல் நோகுது" என்றாய். ஆமணக்கெண்ணெய் விட்ட கோப்பியை நீட்டி, மூக்கைப் பொத்திக்கொண்டு குடி என்று விடாப்பிடியாக நின்றேன். குடித்தாய்.

மத்தியானம் வலி சட்டென்று நின்றது. "பார்த்தியா?" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நான் குளிக்கப் போனேன். பின்னேரம் உன் வயிறு பலகையாய் இறுகிவிட்டது, உடம்பு கொதித்தது. கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினேன். குடலோடு ஒட்டிய ஒரு சிறு வால் சீழ் பிடித்திருந்ததாம். பேதி கொடுத்ததில் அது உடைந்துவிட்டதாம். "யார் இவருக்கு இதைக் கொடுத்தது?" என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "நானாத்தான் குடிச்சனான், டொக்டர். இவன் வேண்டாமெண்டுதான் சொன்னவன்."

நான் மறுக்கவில்லை. வாய் இருந்தது, நாக்கு இருந்தது, மறுக்கவில்லை. வயிற்றைத் திறந்து பார்த்தும் பலனில்லாமல் மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

அதைவிடக் கேவலம் ஒன்று செய்தேன். உன் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் உன் பொய்யையே எழுதினேன். ஒவ்வொரு வருஷமும் உன் திவசம் முடிந்ததும் அவர் எனக்கு எழுதுகிறார்: "சொல்வழி கேளாத மனிசன். நீங்களாவது கடைசியில் பக்கத்தில் இருந்தீர்களே." உன் மகளிடமும் அப்படித்தான் சொல்லி வளர்க்கிறாராம். அப்பா பிடிவாதத்தால் செத்தவர் என்று அந்தப் பிள்ளை நம்பிக்கொண்டிருக்கிறது.

எத்தனையோ தரம் அவர் பெயரை எழுதித் தொடங்கியிருக்கிறேன். இரண்டாம் வரி வரவில்லை. இன்றும் அவருக்குத்தான் எழுத உட்கார்ந்தேன், மச்சான். உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். உனக்குத்தான் எல்லாம் தெரியுமே.