வெறும் கட்டங்கள்

மார்ச் 3, செவ்வாய்

நரம்பு டாக்டர் கையை விரித்துவிட்டார். "விரல் தானாத்தான் அசையுதும்மா. நாம பேசுறது அவருக்குப் புரியுதான்னே தெரியல."

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதம். இவருக்கு மிச்சம் அந்த ஒரு விரல்தான். மாதக் கடைசிக்குள் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்கிறார் இவருடைய அண்ணன். புரிகிறது, இவருக்கு எல்லாம் புரிகிறது! எப்படி நிரூபிப்பேன்?

மார்ச் 5, வியாழன்

ஒரு விரலால் எழுத வைக்கும் நிரல் ஏதாவது இருக்குமா என்று இவருடைய பழைய மடிக்கணினியைத் திறந்தேன். விண்டோஸ் இல்லை, லினக்ஸ். யாரும் சீண்டாத நிரலாகத் தேடிப் பிடித்துப் போடுவதுதான் இவருக்குப் பொழுதுபோக்கு. "எழுதினவனையும் உங்களையும் விட்டா இதை வேற யாரு வச்சிருக்கா?" என்று கிண்டல் செய்வேன். இப்போது அதே நிரல் பட்டியல்களில் நான் நாய் படாத பாடு படுகிறேன். ஒன்று திறந்ததும் மூடிக்கொள்கிறது. இன்னொன்றுக்கு இரண்டு கையும் வேண்டுமாம்.

மார்ச் 9, திங்கள்

இன்றும் இல்லை. இவருக்கு வியர்க்குமே என்று எப்போதும்போல ஃபேனை முழு வேகத்தில் வைத்துவிட்டு நூலக வேலைக்கு ஓடினேன். வேலையே ஓடவில்லை.

மார்ச் 14, சனி

கிடைத்தது! எட்டு வருடமாக யாரும் தொடாத நிரல். மேலே தமிழ் எழுத்துகள் படங்களாக ஒவ்வொன்றாய் ஒளிரும். வேண்டியது வரும்போது ஒரு விசையை அமுக்கினால் போதும். அண்ணனையும் வரச் சொன்னேன். இவர் ஒரு மணி நேரம் அமுக்கினார். கீழே விழுந்ததெல்லாம் வெறும் கட்டம், கட்டம், கட்டம்.

"சும்மா அமுக்குறான்மா. மனசைத் தேத்திக்கோ."

எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ. "ஒரே ஒரு எழுத்து… அதுகூடவா உங்களால முடியல?" என்று கத்திவிட்டேன். அந்த விரல் நின்றுவிட்டது. பாவி நான்.

மார்ச் 17, செவ்வாய்

இல்லத்தின் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். வெள்ளிக்கிழமை அண்ணன் வந்து வாங்கிக்கொள்வார்.

மார்ச் 18, புதன்

நூலகத்துக்குப் புதுக் கணினி வந்தது. அதிலும் புத்தகப் பெயரெல்லாம் கட்டம் கட்டமாக! சரிசெய்ய வந்தவர் சிரித்தார்: "தமிழ் ஃபாண்ட் போடல மேடம், அவ்வளவுதான். எழுத்தெல்லாம் உள்ள பத்திரமா இருக்கு."

அரை நாள் விடுப்பு. வீட்டுக்கு எப்படி வந்தேன்? தெரியவில்லை.

சனிக்கிழமை அமுக்கியதையெல்லாம் அந்த நிரல் சேமித்து வைத்திருந்தது. தமிழ் எழுத்துருவைப் போட்டேன். கட்டமெல்லாம் எழுத்தானது.

குளிருது. ஃபேன நிறுத்து.

அதே வரி, நான்கு தடவை. ஐயோ, மூன்று மாதமாக…

மார்ச் 20, வெள்ளி

அண்ணன் படிவம் வாங்க வந்தார். திரையைக் காட்டினேன். படித்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அரை மணி கழித்து, கம்பளிப் போர்வையோடு வந்தார்.