இந்த வருஷம் காடெல்லாம் பூ

அன்பு மகள் அனுசுயாவுக்கு, ஆண்டிபட்டியிலிருந்து அம்மா எழுதுவது. நான் நலம், அப்பாவும் இப்போது பரவாயில்லை. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் நீ பதறுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த வருஷம் தை முடிந்தும் மழை விடவில்லை. மாசியில் வெறும் செம்மண்ணாகக் கிடக்கும் நம் காட்டைச் சுற்றி இப்போது கால் வைக்க இடமில்லை, தும்பையும் ஆவாரையும் போதாதென்று வரப்பெல்லாம் பார்த்தீனியம் வேறு வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கிறது. ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் போட்டோ எடுக்கிறார்கள். அப்பாவுக்குத்தான் மூச்சு விட முடியவில்லை. மழை பொய்த்த வருஷங்களில் இந்த இரைப்பு இவ்வளவு படுத்தியதில்லை. பூவிலிருந்து பறக்கும் தூள் உங்களுக்கு ஆகவில்லை, பூ காயும்வரை காட்டுப்பக்கம் போகாதீர்கள் என்று டாக்டர் கண்டித்தும் கேட்கவில்லை. எள் விதைத்திருக்கிறோமே, களை எடுக்காமல் விட அவருக்கு மனசு வருமா? போன செவ்வாய்க்கிழமை சோறு கொண்டு போனால், வரப்பில் உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறார், சத்தமே வரவில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது. நான் கத்திய கத்தலில் பக்கத்துக் காட்டு பாண்டீஸ்வரி ஓடி வந்து, "மதினி, அண்ணன நடுவுல ஒக்கார வச்சுப் பிடிச்சுக்கங்க" என்று தன் ஸ்கூட்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். வழியெல்லாம் அவர் தலை என் தோளில் கிடந்தது. எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று நினைவில்லை.

ஆக்சிஜன் வைத்துத் தேற்றி அனுப்பினார்கள். இப்போது தேனியில் மூக்கம்மாள் அத்தை வீட்டு மாடியில் இருக்கிறார். களையெடுப்பு, மாடு எல்லாம் நான் ஒருத்தி. மழை வராதா என்று வானத்தைப் பார்த்தவள்தான், இப்போது வெயில் அடிக்காதா, இந்தப் பூவெல்லாம் கருகாதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அலுத்துப் போய்விட்டது ஆத்தா.

நேற்று மறுபடியும் நல்ல மழை. இன்னும் ஒரு மாசத்துக்குப் பூ நிற்கும், அவரும் அங்கேயே இருக்க வேண்டியதுதான். தயங்கித் தயங்கி அவரிடம் போனில் சொன்னேன். "எள்ளுக்கு நல்ல ஈரம் கெடச்சிருக்கும்டி, நல்லா பேயட்டும்" என்றார். இரைப்புக்கு நடுவே சிரிக்கிறார். கோபப்படுவதா அழுவதா தெரியாமல் போனை வைத்துவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். இருவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கக் குலசாமி துணை நிற்கட்டும். அப்பாவிடம் பேசும்போது திட்டாதே. மருந்தை மட்டும் ஞாபகப்படுத்திவிட்டு, அவர் மழையைப் பற்றிப் பேசினால் பேச விடு.

உன் அம்மா,
ஹேமாவதி