தந்தம் இன்னும் காயவில்லை

பிப்ரவரி 3, 2025

மன்னார்குடி பல் டாக்டர் அனுப்பும் அச்சுகளைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஈறு ஒரு பக்கம், அண்ணம் ஒரு பக்கம் கோணிக்கொண்டு நிற்கிறது. அதை வைத்து நான் பல் செட் செய்து, அது கடிக்காவிட்டால் "லேப்ல தப்பு" என்பார். திருப்பி அனுப்பிவிட்டேன். கொண்டுபோகிற ஆல்பின்தான் திட்டு வாங்குவார். வாங்கட்டும், புருஷன் வேறு எதற்கு இருக்கிறார்.

மதியம் சாமிதுரை ஐயா லேபுக்கே வந்தார். திருவையாற்றுப் பக்கம் பெரிய நிலக்காரர். வாயில் இருப்பது நான் செய்த செட். "ஒம் பல்லுல கரும்பு கடிக்கிறேம்மா. அதே மாதிரி என் கைக்கு ஒண்ணு செஞ்சு குடு" என்றார்.

கைக்கா?

அப்பா காலத்து ரிவால்வர் ஒன்று வைத்திருக்கிறார், லைசென்ஸ் இவர் பேரில். சில வருஷமாக வலது கை நடுங்குகிறது, பிடி நழுவுகிறதாம். தன் உள்ளங்கைக்கென்றே அளவெடுத்த பிடி வேண்டும். மடியில் வைத்திருந்த துணி மூட்டையை அவிழ்த்தார். மேல்தோல் கரும்பழுப்பு, அறுத்த முகம் பாலேட்டு நிறம். மாமூத் தந்தம். எப்போதோ அழிந்துபோன யானை இனம், பல்லாயிரம் வருஷம் பனிக்கு அடியில் கிடந்ததைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். கனடாவிலிருந்து அவர் தங்கை மகன் கொண்டுவந்தானாம்.

செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அப்படி ஒரு பொருளைக் கையில் கொடுத்துவிட்டு வேண்டாம் என்று சொல்லச் சொன்னால் எப்படி?

பிப்ரவரி 4

ஆல்பின் கேட்கிறார்: "மனுசன் பல்லு முடிஞ்சு ஆனைப் பல்லுக்கு வந்தாச்சா?" சிரித்து முடித்ததும் பயம் வந்துவிட்டது. "வனத்துறைக்காரங்க வந்தா உன்னோட சேத்து என்னையும்ல ஜீப்புல ஏத்துவாங்க."

பூதக்கண்ணாடியில் காட்டினேன். அறுத்த முகத்தில் வலை மாதிரி கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. யானைத் தந்தத்தில் அவை அகல விரிந்து வெட்டும். இதில் நெருக்கமாக, கூராக இருக்கிறது. "இந்தக் கோட்டப் பாத்துட்டு அவன் போயிடுவானாக்கும்" என்றார். அதுவும் நியாயம்தான். ஆனாலும் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிப்ரவரி 9

திருவையாறு போய் அச்சு எடுத்தேன். வழியெல்லாம் அறுவடை, ரோட்டிலேயே நெல்லைக் காயப்போட்டிருக்கிறார்கள்.

துப்பாக்கியை அவர் கையை விட்டு வெளியே கொடுக்கக் கூடாது, அது சட்டம். அதனால் அவர் முன்னால்தான் வேலை. குண்டு இல்லை என்று திறந்து காட்டினார். பிடியின் இரண்டு பக்கத்து மரக்கட்டைகளையும் கழற்றிவிட்டு, பல் அச்சு எடுக்கும் மாவைச் சுற்றிலும் அப்பி, பிடிங்க ஐயா என்றேன். ஆடிக்கொண்டே வந்த விரல்கள் மாவில் பதிந்ததும் கொஞ்சம் அடங்கின. உள்ளங்கையில் எங்கே பள்ளம், எந்த விரலுக்குப் பலமில்லை, எல்லாம் பதிந்துவிட்டது. எந்தப் பள்ளத்தை நிரப்பினால் நழுவாது என்று அங்கேயே தெரிந்துவிட்டது எனக்கு. என்ன ஒரு சந்தோஷம்!

அவர் மனைவி தர்மாம்பாள் அம்மா காபி கொண்டுவந்தார். வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தார். நான் கை கழுவப் போனபோது பின்னாலேயே வந்து, "இத மாட்டினா அவருக்குக் கை ஆடாதாம்மா?" என்றார்.

"ஆடும்மா. ஆனா நழுவாது."

கை துடைக்கத் துண்டை நீட்டினார்.

பிப்ரவரி 20

பிடியின் மாதிரி தயார். பல் செட்டுக்கு ஊற்றுகிற அதே ரோஸ் பசையில் ஊற்றினேன். துப்பாக்கிக்கு ஈறு முளைத்த மாதிரி இருக்கிறது என்று ஆல்பின் கேலி செய்கிறார். கொண்டுபோய் மாட்டிக் கொடுத்தேன். ஐயா பிடித்துப் பார்த்தார், பிடித்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு வாரம் போட்டுப் பாருங்க, எங்க உறுத்துதுன்னு சொல்லுங்க" என்றேன். எல்லாப் பல்லுக்கும் சொல்கிற வாய்ப் பழக்கம்.

பழைய மரக்கட்டைகளை அளவுக்காக எடுத்து வந்தேன்.

பிப்ரவரி 24

தந்தத்தை அறுத்தேன். பல்லைத் தேய்க்கும்போது வருகிற அதே வாடை. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுத்தான் அறுக்க வேண்டும், சூடேறினால் பிளந்துவிடும். உள்ளே ஒரு இடத்தில் தேன் நிறம், ஓரத்தில் லேசாக நீலம். இத்தனை வருஷம் பிளாஸ்டிக்கோடு குடித்தனம் நடத்திவிட்டேன். இது பொருள்!

பிப்ரவரி 28

தர்மாம்பாள் அம்மா தனியாகப் பஸ் ஏறி லேபுக்கு வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"கல்யாணமான நாள்லேருந்து அந்தத் துப்பாக்கி சாப்பாட்டு மேசைல தட்டுக்குப் பக்கத்துலதாம்மா இருக்கும். சோறு கொழஞ்சா எடுத்து என் பக்கம் திருப்பி வைப்பாரு. சில நாளு நெத்திக்கு நேரா நீட்டிக்கிட்டே சாப்பிடுவாரு. கை ஆட ஆரம்பிச்சப்புறம் ரெண்டு தடவ கீழ விழுந்துச்சு. வேலக்காரங்க முன்னாடி அசிங்கமாப் போச்சு அவருக்கு. எடுத்து உள்ள வச்சிட்டாரு. அவரு கை ஆடுறதாலதாம்மா நான் இத்தன நாளா நிம்மதியா சோறு போட்டேன்."

கையில் இருந்த உப்புத்தாளைக் கீழே வைத்தேன்.

"நீ அந்த ரோஸ் கட்டைய மாட்டிவிட்ட அன்னிக்கே மறுபடி மேசைக்கு வந்துடுச்சு. முந்தாநேத்து நீட்டுனாரு. ஆடல. கெட்டியாப் புடிச்சிருந்தாரு. உன்ன கொற சொல்ல வரலம்மா. வேல ரொம்ப நல்லா இருக்கு."

போலீஸில் சொல்லலாமே என்றேன். ஒரு தடவை சொன்னாராம். வந்தவர் ஐயாவோடு காபி குடித்துவிட்டுப் போனாராம்.

வேல நல்லா இருக்காம். ஐயோ, நான் என்ன செஞ்சு வச்சிருக்கேன்! கை கழுவுற எடத்துக்கே பின்னால வந்து அந்தம்மா கேட்டுச்சே, ஆடாதான்னு. பெருமையா பதில் சொன்னேனே — நழுவாதுன்னு. அந்த முகத்தப் பாத்தேனா? மாவுல பதிஞ்ச கையத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்.

மார்ச் 1

தந்தப் பிடியை அளவைக் கெடுத்துச் செய்துவிடலாமா? ஒரு இழை கூட்டி, ஒரு இழை குறைத்து. இதுவரை ஒரு செட்கூடத் தெரிந்தே கெடுத்து அனுப்பியதில்லை. அப்படியே கெடுத்தாலும் அவரிடம் அந்த ரோஸ் மாதிரி இருக்கிறதே. முதலில் அதை வாங்க வேண்டும்.

"நீ தனியாப் போவாத, நானும் வர்றேன்" என்கிறார் ஆல்பின்.

மார்ச் 2

சர்ச்சில் பூசை முடிந்த கையோடு போனோம். மேசை மேல்தான் இருந்தது, ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில்.

"எங்கயாச்சும் உறுத்துதாங்க ஐயா?"

"உறுத்தவே இல்ல. கையோட பொறந்த மாதிரி இருக்கு."

தந்தத்தில் இழைக்க இந்த மாதிரி வேண்டும், இது இல்லாமல் செய்ய முடியாது என்றேன். யோசித்தார். அப்படியானால் பழைய மரக்கட்டையை மாட்டிவிட்டுப் போ என்றார். அதை அச்சுக்காகப் பிளாஸ்டர் மாக்கட்டியில் புதைத்திருக்கிறேன், உடைத்தால் அளவு போய்விடும் என்றேன். பொய். என் கைப்பையில்தான் இருந்தது. ஆல்பின் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்க்ரூவை அவரே கழற்றப் பார்த்தார், கை ஒத்துழைக்கவில்லை. "ஏ, இத வந்து கழட்டு" என்று சத்தம் போட்டார். தர்மாம்பாள் அம்மா வந்து கழற்றினார். ஸ்க்ரூவைக்கூட என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

பிடி இல்லாத துப்பாக்கி வெறும் இரும்பு எலும்பு. விளிம்பு கையை அறுக்கும், ஆடுகிற கையில் நிற்கவே நிற்காது. வெளிநாட்டுப் பழைய மாடல், அதற்குக் கட்டை கடையில் கிடைக்காது. மூன்று ஜோடியும் இப்போது என்னிடம்தான்: மரம், ரோஸ், முடியாத தந்தம்.

மார்ச் 19

போன் செய்தார். தந்தம் காய வேண்டும் ஐயா, அவ்வளவு காலம் பனியில் கிடந்தது, அவசரப்பட்டால் வெடிக்கும் என்றேன். இது பாதி உண்மை. பாதி உண்மை சொல்ல நன்றாகவே வருகிறது எனக்கு.

மே 6

அக்னி நட்சத்திரம். அதே வெயிலோடு வந்து இறங்கினார்.

"இந்த வெயில்ல பொணமே காஞ்சிடும், ஒந் தந்தம் காயலியா?"

"வெயில்ல வச்சா பிளந்துடுங்க ஐயா. நெழல்லதான் காயணும்."

கத்தினார். வாயிலிருந்து பல் செட்டைக் கழற்றி என் மேசையில் அடித்து, ஒம் பல்லும் வேண்டாம் என்றார். என்றுதான் நினைக்கிறேன், பல் இல்லாமல் அவர் பேசியது புரியவில்லை. கழுவி நீட்டினேன், வாங்கி மாட்டிக்கொண்டு மறுபடி கத்தினார். சிரிப்பு வரவில்லை. தந்தத்தைக் கொடு, வேறு ஆளிடம் செய்துகொள்கிறேன் என்றார்.

கொடுத்தால் தீர்ந்தது. என்ன செய்ய? அலமாரியைத் திறந்து, முடித்து வைத்திருந்த வலது பக்கத்துக் கட்டையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். ஆம், முடித்துவிட்டேன். முடிக்காமல் இருக்க முடியவில்லை. தேன் நிறம் சரியாகக் கட்டைவிரல் படுகிற இடத்தில் வருகிறது.

விரல்கள் தாமாக மூடிக்கொண்டன. கத்தல் நின்றுவிட்டது. வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"இன்னொரு பக்கம்?"

"காயுதுங்க ஐயா. வேற ஆளு தொட்டா ரெண்டும் சேராது."

"நீயே முடி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் செய்த வேலைகளிலேயே சிறந்த வேலை அது. அதை வைத்தே ஒருத்தரை ஏமாற்றுகிறேன்.

ஜூன் 14

இடது பக்கமும் முடிந்துவிட்டது. ஆல்பினிடம்கூடச் சொல்லவில்லை.

செப்டம்பர் 8

வேளாங்கண்ணி. இந்தக் கூட்டத்தில் நின்று மாதாவிடம் எதைக் கேட்பது? ஒரு மனுஷருடைய கை நடுக்கம் குணமாகவே கூடாது என்றா? மெழுகுவர்த்தியை மட்டும் ஏற்றிவிட்டு வந்தேன்.

நவம்பர் 21

விடாத மழை. லேபில் மாக்கட்டிகூட இறுகவில்லை.

தர்மாம்பாள் அம்மா போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார் என்று சத்தத்திலேயே தெரிந்தது. "ஏம்மா, எத்தன மாசம்? ஐயா கேக்குறாருல்ல? ஒனக்குக் கொஞ்சமாச்சும் பொறுப்பிருக்கா?" என்று பொரிந்து தள்ளினார். பின்னாலிருந்து ஐயாவும் ஏதோ சொன்னார், குரல் முன்னைவிடக் குழறுகிறது.

"மழைங்கம்மா. ஈரம் ஏறிப்போச்சு. இன்னும் காயல."

"நல்லாருக்கு போ" என்றார். நாற்காலி நகர்ந்தது, ஐயா கை கழுவப் போயிருக்க வேண்டும். பிறகு வேறு குரலில், மெதுவாக:

"நல்லா காயட்டும்மா. அவசரமில்ல. இப்பல்லாம் நானும் அந்த மேசையிலயே உக்காந்துதான் சாப்பிடுறேன்."

சரிம்மா என்றேன். போனை வைத்துவிட்டு, அலமாரியில் மாக்கட்டி மூட்டைக்குப் பின்னால் தந்தக் கட்டைகள் இரண்டும் பத்திரமாக இருக்கின்றனவா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.