நூற்று இருபத்தொரு கிலோவும் முப்பத்தாறு கம்பியும்

ஜூலை 22, செவ்வாய்

மழை இல்லை. ஆடிக்காற்று மட்டும். கருமத்தம்பட்டி தாண்டியதும் பின்சக்கரத்தில் கம்பி அறுந்தது. மூன்றாவது தடவை. சைக்கிள் வாங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை. சரக்கு ஆட்டோவில் சோமனூர் திரும்பினேன். ஓட்டுநர்: "சைக்கிள் மட்டுமுங்களா, நீங்களும் ஏறுறீங்களா?" ஊரே பார்த்தது.

வீட்டில் மனைவி செல்வி சிரிக்கவில்லை. அதுதான் வலித்தது. "நோம்பிக்கு பஸ்ஸுலயே போயிரலாமுங்க" என்றாள். ஆடிப் பதினெட்டு நோம்பிக்கு மேட்டுப்பாளையம் தங்கை வீட்டுக்குச் சைக்கிளிலேயே வருவதாக போனில் சொல்லிவைத்திருக்கிறேன். வாய்க்கொழுப்பு.

ஜூலை 24, வியாழன்

லீவு போட்டு போத்தனூர். சக்கரத்துக்குக் கம்பி கோர்ப்பதில் கெட்டிக்காரர் என்று மணி அண்ணனைச் சொன்னார்கள். அறுந்த சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"எடை எத்தனைங்க?"

"தொண்ணூறு இருக்குமுங்க." வாங்கிய கடையிலும் இதைத்தான் சொன்னேன்.

"தொண்ணூறுக்கு இது அறாதுங்களே. மூட்டை கீட்டை ஏத்துனீங்களா?"

"இல்லீங்க."

கூரையைப் பார்த்தார். "எடை பாத்துப்போட்டு போன் பண்ணுங்க. அதுக்குத் தகுந்தாப்ல கோத்துக்கலாம்."

பொய் என்று தெரிந்துவிட்டது. முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார். எல்லோரும் காட்டும் அந்த மரியாதையில்தான் இத்தனை நாள் ஒளிந்திருந்தேன்.

ஜூலை 25, வெள்ளி

தறிக்கூடம். சாப்பாட்டு நேரம், ஆள் இல்லை. நூல் மூட்டை போடும் தராசில் ஏறினேன். 121. செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினேன். 121.

போன். "நூத்தி இருபத்தொண்ணுங்க."

"அவ்வளவுதானுங்களா."

அழுகை வந்துவிட்டது. பஞ்சு பறந்து கண்ணில் விழுந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

அவர் சொன்னது: இரும்பு ஃப்ரேம். முன்னால் ஸ்பிரிங் கூடாது. அகல டயர், காற்று நிறைய. சக்கரத்துக்கு 36 கம்பி, தடித்தது (பழையதில் 28தான்).

ஜூலை 30, புதன்

காந்திபுரம் கடை. ஸ்பிரிங் வைத்த சிவப்பு சைக்கிளைக் காட்டினார்கள். "உங்களுக்கு எடுப்பா இருக்குமுங்க." கேட்காமலேயே சத்தமாகச் சொன்னேன், நூத்தி இருபத்தொண்ணு என்று. பக்கத்தில் நின்ற அம்மா திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். கறுப்பு இரும்பு சைக்கிளை எடுத்தேன். போத்தனூரில் சக்கரம் மாற்றியாயிற்று. செல்விக்கு ஊதுபத்தி வாங்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

விடியக் கிளம்பினேன். அன்னூர் வரை எதிர்காற்று. இரண்டு டீ, ஒரு பன். தொடை எரிச்சல். மேட்டுப்பாளையம் ஒன்பதரை. ஒரு கம்பிகூட அறவில்லை. தங்கை வீட்டு முன் தேவையில்லாமல் நான்கு முறை மணி அடித்தேன். சாதித்துவிட்டேன். ராஜா மாதிரி இருந்தது.

தங்கைக்குச் சந்தேகம். "சைக்கிளை எந்த பஸ்ஸுல ஏத்திட்டு வந்தீங்கண்ணா?"

முன்னாடியே வந்துவிட்ட செல்வி: "பஸ்ஸுல நான்தான் அம்மணி வந்தேன். அன்னூர் தாண்டி ரோட்டுல கையாட்டுனாரு." அவள் முகத்தில் அத்தனை பெருமை.

தங்கை கணவர் என்னைவிட ஒரு சுற்று பெரியவர். பின் டயரை அமுக்கி அமுக்கிப் பார்த்தார்.

"மச்சான், எனக்கும் ஒண்ணு சொல்லிப்போடுங்க."

"எடை எத்தனைங்க மாப்ள?"

"தொண்ணூறு இருக்குமுங்க."

நான் கூரையைப் பார்த்தேன்.