சட்டி விரதத்தில் உறைகடல் மீன்

22.10.2025, புதன்
கந்தசட்டி தொடக்கம். எனக்கு மிளகுத் தண்ணீர் மட்டும். செலவு: மாமிக்குப் பால்மா.

இவர் நோர்வேயிலிருந்து போன் எடுத்தார். ஐஸ் மிதக்கும் கடலில் பிடித்த மீன் இவர்களின் தொழிற்சாலைக்கு வந்ததாம். அந்தக் குளிரில் மீன் ஏன் உறைவதில்லை என்று கேட்டேன்.

“உதைத் தெரிஞ்சு என்ன குழம்போ வைக்கப்போறாய்?”

என் விசாவைப் பற்றிக் கேட்குமுன் வைத்துவிட்டார். கலியாணம் முடிந்து ஆறு வருடம்.

24.10, வெள்ளி
போனில் தேடி வாசித்தேன். உப்பு கூடிய கடல்நீர் சைபர் பாகைக்குச் சற்றுக் கீழேயும் உறையாது. மீனின் இரத்தத்தில் அவ்வளவு உப்பில்லை. அது முதலில் உறைந்திருக்க வேண்டும். காப்பது ஒரு புரதம். உள்ளே வரும் பனித்துணிக்கையில் ஒட்டிக்கொண்டு அதை வளர விடாது. வடகடல் மீனில் அதற்கான பரம்பரை அலகு (ஜீன்), ஒரு வேலையும் செய்யாமல் கிடந்த டிஎன்ஏ துண்டிலிருந்து வந்ததாம். தென்துருவ மீனிலோ சமிபாட்டு நொதியம் (என்சைம்) ஒன்றின் அலகிலிருந்து. தனித்தனியே, பல லட்சம் வருடமாய் மாறி மாறி, ஏறக்குறைய ஒரே புரதத்தில் வந்து நின்றிருக்கின்றன. முருகா, நீ ஒன்றையும் வீணாக்குவதில்லை.

மாமி எட்டிப் பார்த்தார். “சட்டி விரதத்திலை மீன்படம் பாக்கிற மருமகள் எனக்கெண்டே வாய்ச்சிருக்கு.”

25.10
சாவகச்சேரியிலிருந்து என் அண்ணை கதிரவேலு எடுத்தார். அங்கே முன்பள்ளியில் பிள்ளைகளைப் பார்க்க ஆள் தேவையாம். விசா வந்தால் என்ன செய்வது என்றேன். இவர் கூப்பிடும்வரை வாசல் படலை தாண்டக்கூடாது என்பது மாமியின் சட்டம்.

26.10
இன்னும் வாசித்தேன். சில மீன்களில் அந்தப் பனித்துணிக்கை கரைவதேயில்லை. வளராது, போகாது. சாகும்வரை உள்ளேதான்.

அதற்குமேல் வாசிக்க மனம் வரவில்லை.

27.10, திங்கள்
சூரன்போர். கோயில் மேளத்தை அறைக்குள் இருந்தே கேட்டேன். இவர் எடுத்தபோது நேரே கேட்டேன், விசாவுக்குப் போட்டதா இல்லையா என்று.

“நீ வந்தா அம்மாவை ஆர் பாக்கிறது?”

போடேல்லை. ஒருநாளும் போடேல்லை. அப்ப நான் இவ்வளவு காலமும் என்னத்தைப் பாத்துக்கொண்டு—

28.10
பாறணை. விடியச் சமைத்துப் படைத்து, மாமிக்குக் கொடுத்து, நானும் உண்டேன். பிறகு தெல்லிப்பழையில் இருக்கும் இவரின் தங்கை தயாளினிக்கு எடுத்து, நான் சாவகச்சேரிக்குப் போகப்போவதைச் சொன்னேன்.

“நாளைக்கு வாறன், அண்ணி. எனக்கும் அம்மாதானே.”

அந்த மீனுக்கு வேறு கடல் இல்லை. எனக்குச் சுன்னாகத்திலிருந்து பஸ் ஓடுகிறது.

6.11, வியாழன்
இங்கே கிணற்றுத் தண்ணீர் சற்று உவர். தேநீருக்குச் சீனி கூடப் போகிறது. இவர் மூன்று தரம் எடுத்தார். முன்பள்ளியில் சின்னவன் ஒருவனுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தேன். கை எச்சில்.