திராட்சை மலைகளில் ஃபாதரோடு

ஒக்டோபர் 13, திங்கள்

காலையில் நல்ல வெயில். ஆனால் காற்று! வடக்கிலிருந்து தள்ளுகிற காற்று. இங்கே அதற்கென்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். கொழும்பில், எங்கள் கொட்டாஞ்சேனையில் இப்படி அடித்தால் கொடியில் காயப்போட்டதெல்லாம் துறைமுகத்துக்குள்தான்.

வாடகைச் சைக்கிள் இரண்டு. எனக்கு நீலம். இருக்கை கல். பெற்றோல் வரிசைக் காலத்தில் கோட்டை ஒஃபிசுக்குச் சைக்கிளில் போய்வந்தவள், எனக்கென்ன பயம் என்று நேற்று வீறாப்பு. இன்று முதல் ஏற்றத்திலேயே இறங்கி உருட்டல். கொழும்பில் ஏற்றம் என்றால் பாலம் மட்டும்தானே.

கொண்டுவந்தவை: மழைக்கோட்டு, தைலம், அம்மா கட்டித் தந்த சீனிச்சம்பல் போத்தல். மறந்தவை: கையுறை, மூளை.

ஃபாதர் முன்னால் போகிறார். என் தம்பி ஜூட்தான். குருப்பட்டம் கிடைத்த நாளிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் அவர் ஃபாதர். பெற்ற அம்மாவே போனில் "தோத்திரம் ஃபாதர்" என்றுதான் தொடங்குவார். எனக்கும் பழகிப்போய் டயறியில்கூட அப்படியே வருகிறது. இங்கே, பிரான்சின் தெற்கில், ஐந்து மலைக் கிராமங்களுக்கு இவர் ஒருவர்தான் சுவாமி. பூசைக்குப் பூசை சைக்கிள்.

அம்மா அனுப்பித்தான் வந்தேன். போன மாதம் ஃபாதர் போனில் "களைச்சுப்போனன்" என்றாராம். அவ்வளவுதான். அம்மாவுக்கு அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை. "நீ போய்ப் பார். நல்ல மாதிரிக் கதைச்சு ஃபாதரைத் திருப்பு." எதிலிருந்து திருப்புவது என்று அம்மா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. குருத்துவத்தை விட்டுவிடுவாரோ என்பதுதான் இரண்டு பேருக்கும் பயம்.

பங்குவீட்டில் இருந்தால் ஆட்கள் வந்துகொண்டேயிருப்பார்களாம், அதனால் இந்த வாரம் சைக்கிளில் சுற்றுவோம் என்றார். பின்னேரம்வரை காலநிலை பற்றித்தான் கதை.

ஒக்டோபர் 14, செவ்வாய்

வெயில். கால், முதுகு, சொல்ல முடியாத இடம், எல்லாம் நோவு.

சாலையின் இரு பக்கமும் திராட்சைத் தோட்டம். அறுவடை முடிந்து இலையெல்லாம் சிவப்பும் மஞ்சளும். வைன் ஆலையைத் தாண்டும்போது புளித்த சாற்று மணம். அங்கங்கே தவறிப்போன சின்னக் குலைகள். "எடுங்கோ அக்கா, மிஞ்சினதை ஆரும் புடுங்கலாம்." தூசியும் தேனும். நாக்கெல்லாம் கறை.

நண்பகல், குன்றின் மேல் ஒரு பழைய ஊர். பெயர் வாயில் நுழையவில்லை. சுற்றிலும் மதில், ஒரு வண்டி மட்டும் நுழையக்கூடிய வாசல், நடுவில் கல் நீரூற்று. கோவில் மணி பன்னிரண்டு அடித்து, கொஞ்சம் பொறுத்து மறுபடியும் பன்னிரண்டு. ஏன் என்று கேட்டேன். "முதல் தரம் காதில விழாத சனத்துக்கு." சிரித்தோம். வந்ததிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

கோவில் பூட்டு. படியில் குந்தினோம். சாப்பிடக் கொண்டுவந்த பாணைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்:

"அக்கா, நான் ஆயரிட்ட சொல்லிப்போட்டன். விடப்போறன்."

தண்ணீர்ப் போத்தலை மூடினேன். திறந்தேன். மூடினேன்.

"ஆரும் பொம்பிளையோ?"

"இல்லை அக்கா. அப்பிடியெண்டாச் சொல்ல லேசு."

கோபம்தான் வந்தது. எழுதவே வெட்கம், முதலில் நினைவுக்கு வந்தது எங்கள் தெரு. அம்மா நடந்து போனால் ஒதுங்கி வழி விடுகிற சனம். சுவாமியின் தாய். இனி அதுகள் என்ன கதைக்கும்.

"அம்மாவுக்கு ஆர் சொல்லுறது?"

"நீங்கள்தான்."

நல்ல வேலை! சம்பளமில்லாத தூது. மலை இறங்கினோம். இராச்சாப்பாட்டுக்கு முட்டைப் பொரியல். அரைவாசிச் சம்பலை அவரே முடித்தார்.

ஒக்டோபர் 15, புதன்

விடியத் தூறல், சாலை ஈரம்.

பத்து மணிபோல் நீண்ட இறக்கம். என் பிரேக் பிடிக்கவில்லை. "ஃபாதர், பிரேக்! ஃபாதர், ஃபாதர்!" காற்றில் அவருக்குக் கேட்கவில்லை. வளைவு வந்தது. "டேய் ஜூட்!" என்று கத்திக்கொண்டே திராட்சைக் கொடிகளுக்குள் போய் விழுந்தேன். முழங்கால் உரிந்து இரத்தம். மற்றபடி உயிரோடு.

ஓடி வந்தார். சேற்றில் அப்படியே குந்தி அழத் தொடங்கினார். என் காலைப் பார்த்துத்தான் என்று நினைத்தேன்.

"பட்டத்துக்குப் பிறகு ஒருத்தரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடேல்லை அக்கா. அப்பா செத்த அண்டைக்கு நான்தானே பூசை வைச்சனான். நீங்கள் எல்லாரும் ஆளையாள் கட்டிப்பிடிச்சு அழுதீங்கள். என்னட்ட வந்து கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனீங்கள்."

உண்மைதான். வீட்டுக்கு வந்தால் நல்ல கதிரையில் இருத்திவிட்டு நாங்கள் எல்லோரும் சுவரோரம் நிற்போம். மரியாதை என்று நினைத்தோம்.

"அதுக்காக விடுறதோ? இனி நாங்கள் பேர் சொல்லிக் கூப்பிடுறம், போதுமோ?"

அழுகைக்குள்ளும் சிரித்தார். "அது மட்டுமில்லை. அம்மா நேந்தவாதானே."

எனக்குத் தெரிந்த கதை. ஃபாதருக்கு எட்டு மாத வயதில் காய்ச்சல், டொக்டர்மார் கைவிரித்த பிறகு அம்மா கோவிலில் முழங்காலில் நின்று, உயிரைத் தந்தால் பிள்ளையை உமக்கே தருகிறேன் என்று நேர்ந்தது. அவருடைய ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கேக் வெட்ட முதல் அம்மா அந்தக் கதையைச் சொல்லுவார். நாங்கள் கை தட்டுவோம்.

"உங்களுக்கு அது கதை. நான் பயந்தனான் அக்கா. குருமடத்தை விட்டா அந்தக் காய்ச்சல் திரும்பி வரும், செத்துப்போவன் எண்டு. இப்பவும் மேல் சுட்டா அந்த நினைப்புத்தான் முதல்ல வரும்."

அவருக்கு முப்பத்தெட்டு வயது. நானும்தானே கை தட்டினேன். தைலம் பூசி, துணி கட்டி, மெல்ல உருட்டிக்கொண்டு நடந்தோம்.

ஒக்டோபர் 16, வியாழன்

காற்று நின்றுவிட்டது. முழங்கால் வீக்கம். பிரேக் திருத்தியாயிற்று.

திராட்சைத் தோட்டத்து வீடொன்றில் தண்ணீர் கேட்டோம். கதவு திறந்த பெண் அவரை அடையாளம் கண்டு அழுதாள். உள்ளே அவளுடைய தாய், கடைசி நேரம். நல்ல காலத்துக்குப் பையில் சாகக்கிடப்பவர்களுக்குப் பூசுகிற எண்ணெய் இருந்தது, உள்ளே போனார். நான் குசினி வாசலில். பிரெஞ்சு எனக்குப் புரியாது, குரல் புரிந்தது. அவ்வளவு மெதுவாக, அவசரமில்லாமல். வெளியே வந்தபோது அந்தப் பெண் அவர் கையை விடவேயில்லை.

வெற்றி எனக்குத்தான் என்று நினைத்தேன். சைக்கிளில் ஏறமுதல் கேட்டேன்: "பாத்தியா, எவ்வளவு நல்லாச் செய்யிறாய்? இதையோ விடப்போறாய்?"

"நல்லாத்தான் செய்வன் அக்கா. அதாலதான் இவ்வளவு காலம் ஒருத்தருக்கும் தெரியேல்லை."

கோபமும் எங்கேயோ போய்விட்டது. திருப்புகிற வேலை என்னால் முடியாது. செய்யவும் விருப்பமில்லை.

பின்னேரம் முழுக்க அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்ற யோசனை. பிரஷருக்குக் குளிசை போடுகிறவர் வேறு. தெருவுக்கு நான் பதில் சொல்லுவேன், அது கிடக்கட்டும். ஆனால் நேர்த்தியை முறித்தால் பிள்ளையின் உயிர் போய்விடும் என்று அம்மாவும் இவ்வளவு காலமும் பயந்துகொண்டுதான் இருக்கிறாரோ? அதை எந்தச் சொல்லால் எடுப்பது? தம்பி எனக்குப் பின்னால், மெல்ல மெல்ல மிதித்துக்கொண்டு வந்தான்.

ஒக்டோபர் 17, வெள்ளி

வானம் மப்பு. கடைசி நாள். சைக்கிள்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். உடுப்புத் தோய்க்க வேண்டும்.

ஒரு சின்ன ஊரின் சதுக்கத்தில் நிறுத்தினோம். பெரிய மரங்கள், மூடிய ஜன்னல்கள், குந்த ஒரு கல் வாங்கு. இனியும் தள்ளிப்போட முடியாது. கொழும்பில் பின்னேரம், அம்மா பூசை கண்டு வந்திருப்பார். போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். தம்பி பக்கத்தில், தலையைக் குனிந்துகொண்டு.

சுற்றி வளைக்கவில்லை. "அம்மா, தம்பி விடப்போறான். ஆயரிட்டயும் சொல்லிட்டான்."

சத்தமில்லை. எங்கள் தெருவில் ஓட்டோ ஒன்று போனது கேட்டது. காகம் கேட்டது. அம்மா விழுந்துவிட்டாரோ என்று எழும்பிவிட்டேன்.

"பிள்ளைக்குக் காய்ச்சல் கீய்ச்சல் ஒண்டும் இல்லையோ?"

"இல்லையம்மா. நல்லா இருக்கிறான். மலையெல்லாம் ஏறுறான்."

"உண்மையோ?"

"சத்தியமா அம்மா."

பிறகு, கடையில் யாரோடோ நியாயம் பேசுகிற குரலில்:

"நேந்தது நான். அவன் எட்டு மாசக் குழந்தை, அவனை ஆர் கேட்டது? அதுக்கு என்னவும் எடுக்கிறதெண்டா என்னட்ட எடுக்கட்டும். அவனைத் தொடக்கூடாது. நான் போய்ச் சொல்லிப்போட்டு வாறன்."

"எங்கையம்மா? ஆருக்கு?"

"கோவிலுக்குத்தான். பிறகு ஆருக்கு?"

"இப்பத்தானே போட்டு வந்தனீங்கள்."

"அது வேற விஷயம்."

போனை நிறுத்தாமல் மேசையில் வைத்துவிட்டார். செருப்பு தேடுகிற சத்தம். கேற் திறந்து சாத்துகிற சத்தம். தம்பி என் கையிலிருந்து போனை வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டான். அங்கே ஆளில்லாத வீடு. "அம்மா" என்றான். அதற்குப் பிறகும் வைக்கவில்லை.